தையல் முடியும் வரை

நாற்காலி அவருக்கு ஆகாது. புறநோயாளிகள் பிரிவில் அவருக்கென்று போட்ட சுழல் நாற்காலி ஏழு வருஷமாகப் புதுக் கருக்கு அழியாமல் இருந்தது. கைப்பிடியில் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. நின்றுகொண்டே நோயாளியைப் பார்ப்பார், நின்றுகொண்டே மருந்து எழுதுவார். பேச்சு முடிவதற்குள் ஒரு கை கதவுக் குமிழுக்குப் போய்விடும். மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் அந்த வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட இடுப்பும் முழங்காலும் அவர் கையால் புதிதாகியிருந்தன. ஆஸ்பத்திரியில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். காதுபட யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பிறவிக் குணம்தான். "இவன் வயித்துல இருக்கும்போதே நடை பழகினவன்" என்று அவர் அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பது மற்ற பிள்ளைகளுக்குத் தண்டனை. இவருக்கு அது விடுதலை. நீளமான தாழ்வாரம் கிடைத்தால் போதும், மணியடிக்கும்வரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். மருத்துவக் கல்லூரியில் காய்ச்சல் வார்டில் ஆறு மாதம் போட்டார்கள். ஒரு நோயாளியின் கட்டில் பக்கத்தில் எட்டுப் பேர் நின்று, இதுவாக இருக்குமா அதுவாக இருக்குமா என்று ஒன்றரை மணி நேரம் பேசுவார்கள். பேசி முடித்து, நாளைக்குப் பார்க்கலாம் என்பார்கள். அவருக்குக் காலில் வெந்நீரைக் கொட்டியதுபோல இருக்கும்.

எலும்பு வார்டுக்குப் போன முதல் வாரத்தில்தான் அவருக்கு வழி தெரிந்தது. இடுப்பு மூட்டு தேய்ந்துபோன ஒரு லாரி ஓட்டுநரை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். தேய்ந்ததை அறுத்தெடுத்துவிட்டு உலோகத்தில் ஒரு மூட்டை வைத்தார்கள். மறுநாள் காலையில் அந்த மனிதர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குத் தானே போய்விட்டு வந்தார். நேற்றுத் தூக்கி வந்த ஆள் இன்றைக்கு நடக்கிறார். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை. அன்றே முடிவு செய்துகொண்டார்.

அப்புறம் முப்பது வருஷம் ஒரே ஓட்டம். விபத்துப் பிரிவில் முறிந்த எலும்புகளோடு ஐந்து வருஷம். மூட்டு மாற்று படிக்க வேறு ஊரில் இரண்டு வருஷம். இந்த வேலைக்குக் கை மட்டும் போதாது, காதும் வேண்டும் என்று அங்கேதான் தெரிந்தது. தொடை எலும்புக்குள் உலோகத் தண்டைச் சுத்தியலால் இறக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் சத்தம் மாறும். தண்டு சரியாக உட்கார்ந்ததும் சத்தம் திடீரென்று கெட்டிப்படும். அதற்குமேல் ஓர் அடி அடித்தால் எலும்பு பிளந்துவிடும். அந்தச் சத்தம் அவருக்குப் பிடிபட்ட நாளிலிருந்து எக்ஸ்ரேயை நம்புவதைவிடக் காதை அதிகம் நம்பினார்.

கல்யாணம் ஆனதும் ஒரு டாக்டரோடுதான். அந்த அம்மாள் பரிசோதனைக்கூடத்தில் நுண்ணோக்கிக்கு முன்னால் நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருப்பவர். "நான் உக்காந்தா எந்திரிக்க மாட்டேன், அவர் எந்திரிச்சா உக்கார மாட்டார். எங்க வீட்டுக்கு ஒரு நாற்காலி போதும்" என்று விருந்தாளிகளிடம் சொல்லுவார். சிரித்துக்கொண்டு சொன்னாலும், சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நடக்கிற புருஷனை முப்பது வருஷமாகப் பார்த்த அலுப்பு அதில் இருக்கும்.

அவருடைய அவசரத்துக்கு ஆஸ்பத்திரியே ஒத்து ஊதியது. அவருக்கு ஒரே நாளில் இரண்டு தியேட்டர் கொடுத்திருந்தார்கள். முதல் தியேட்டரில் புது மூட்டை வைத்ததும் தையலை உதவி டாக்டரிடம் விட்டுவிட்டு இரண்டாவது தியேட்டருக்குப் போவார். அங்கே அடுத்த நோயாளி மயக்கம் கொடுத்துத் தயாராகக் கிடப்பார். இடையில் கை கழுவுகிற நேரம்தான். புதிதாகக் கட்டப்போகிற பிரிவில் இரண்டு தியேட்டருக்கும் நடுவே ஒரு கதவு வேண்டும் என்று ஒன்பது வருஷம் போராடி வரைபடத்தில் அதைச் சேர்த்திருந்தார். காலி இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்கு எத்தனை எட்டு என்று தானே நடந்து பார்த்தார். பதினான்கு எட்டு.

அந்த வருஷம்தான் பேப்பர்கடை அம்மா வந்தாள்.

பேருந்து நிறுத்தத்தில் பத்திரிகை விற்கிறவள். அறுபத்திரண்டு வயது. விடிகாலை ஐந்து மணிக்குக் கடை திறந்து பகல் இரண்டு மணிவரை நின்றே வியாபாரம். வலது இடுப்பு மூட்டு சுத்தமாகத் தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்தால் இந்தக் காலோடு எப்படி நின்றாள் என்று தோன்றும்.

"கிண்ணத்துல ஒரு உருண்டை சுத்தற மாதிரிதாம்மா இடுப்பு" என்று அவர் மேஜையில் இருந்த பிளாஸ்டிக் எலும்பை எடுத்துக் காட்டினார். "உங்களுக்கு ரெண்டும் போச்சு. கிண்ணத்தையும் மாத்தணும், உருண்டையையும் மாத்தணும்."

"மாத்துங்க. எத்தனை நாள்ல ஆளைத் தூக்கலாம்?"

"ஆளையா? யாரை?"

"என் வீட்டுக்காரரை. பக்கவாதம், நாலு வருஷம் ஆச்சு. கட்டில்லேருந்து நாற்காலி, நாற்காலிலேருந்து கட்டில். ஒரு நாளைக்கு நாலு தடவை."

"எப்படித் தூக்குவீங்க?"

அவள் எழுந்து நின்று காட்டினாள். எதிரே இல்லாத மனிதரின் முழங்கால்களைத் தன் முழங்காலால் முட்டுக் கொடுத்து, இடுப்புப் பட்டியைப் பிடித்து, தன் உடம்போடு அணைத்து, வலது இடுப்பில் பாரத்தை வாங்கிச் சட்டென்று திரும்பினாள். வலியில் முகம் கோணியது. ஆனால் வேலை சுத்தம். பயிற்சி பெற்ற தாதி தோற்றுவிடுவாள்.

"இப்ப நாத்தனார் வீட்டுல விட்டிருக்கேன். அவளுக்கு முதுகு சரியில்ல. ஒரு கணக்கு சொல்லுங்க டாக்டர், அவகிட்ட சொல்லணும்."

அவர் கை ஏற்கெனவே கதவுக் குமிழில் இருந்தது. "மூணு மாசம். அதுக்கப்புறம் தாராளமா தூக்கலாம்."

"எழுதிக் குடுத்திடுங்களேன்."

"எழுதறதுக்கு என்னம்மா இருக்கு? நான் சொல்றேன்ல" என்று அவர் வெளியே போய்விட்டார்.

அவளுக்கு ஆபரேஷன் ஒரு வியாழக்கிழமை காலை. அன்று இரண்டு இடுப்புகள். பேப்பர்கடை அம்மா முதல் மேஜை. இரண்டாவது மேஜையில் சின்ன உடம்புக்காரி ஒருத்தி. பேப்பர்கடை அம்மாவுக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். கூடவே தூங்க ஒரு மருந்து. அவள் குறட்டை விட்டாள்.

எல்லாம் அச்சுப் பிசகாமல் நடந்தது. கிண்ணம் உட்கார்ந்தது. அதன் உள்விட்டம் முப்பத்தாறு மில்லிமீட்டர். தண்டு இறங்கியது, சத்தம் கெட்டிப்பட்டது. முதலில் மாதிரி உருண்டையை மாட்டி, காலை மடக்கித் திருப்பிப் பார்த்தார். மூட்டு கச்சிதமாக நின்றது. மாதிரியைக் கழற்றிவிட்டு, "நிஜத்தைக் குடுங்க" என்று கையை நீட்டினார்.

இந்த இடத்தில் ஒரு விதி உண்டு. உருண்டை இருக்கிற பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் அதன்மேல் எழுதியிருக்கும் அளவைத் தியேட்டர் சிஸ்டர் உரக்கப் படிக்க வேண்டும். டாக்டர் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கு அப்புறம்தான் பெட்டி பிரியும். அவர் தியேட்டரில் இந்த விதி வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருந்தது. "திருப்பிச் சொல்லணுமா என்ன? கேட்டாச்சு, பிரிங்க" என்று ஒரு காலத்தில் சொன்னார். பிறகு, "படிக்கவெல்லாம் வேணாம் சிஸ்டர், காட்டுங்க போதும்" என்றார். கடைசியில் சிஸ்டர் பெட்டியைத் தூக்கிக் காட்டுவார், இவர் அந்தத் திசையில் தலையை ஆட்டுவார் என்ற அளவில் வந்து நின்றது.

அன்றும் காட்டினார், ஆட்டினார்.

உருண்டையைத் தண்டில் பொருத்திக் காலை இழுத்துக் கிண்ணத்துக்குள் இறக்கினார். வழக்கமாக அது உள்ளே போகும்போது ஒரு சத்தம் வரும், கனமான அலமாரிக் கதவு சாத்திக்கொள்கிற மாதிரி. அன்றைக்குச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. கதவு சாத்தியது, ஆனால் தாழ் விழவில்லை. காலை ஆட்டிப் பார்த்தார். கையில் ஏதோ ஒரு தளர்ச்சி தெரிந்தது. ஒரு நொடி அப்படியே நின்றார்.

"சார், ரெண்டாவது மேஜை ரெடி" என்று வாசலில் குரல் கேட்டது.

"வரேன்" என்றார். கையுறையைக் கழற்றிக்கொண்டே நடந்தார். தையல் உதவி டாக்டர் பொறுப்பு.

மத்தியானம் மூன்றரை மணிக்குத் தியேட்டர் சிஸ்டர் அவர் அறைக்கு வந்தார். இருபத்தோரு வருஷம் கூடவே நின்ற அம்மாள். குரலை உயர்த்தியதோ தாழ்த்தியதோ இல்லாதவர். கையில் நோயாளியின் கோப்பு. வைத்த ஒவ்வொரு உறுப்பின் பெட்டியிலும் ஒட்டுச்சீட்டு வரும். அதை உரித்து நோயாளியின் கோப்பில் ஒட்டி வைப்பது அவர் வேலை.

"டாக்டர், கதவைச் சாத்தலாமா?"

"ஏன், என்ன?"

சிஸ்டர் கோப்பைத் திறந்து மேஜையில் வைத்தார். இரண்டு சீட்டுகள், ஒன்றின் கீழ் ஒன்று, நேராக ஒட்டியிருந்தன. கிண்ணம் முப்பத்தாறு. உருண்டை முப்பத்திரண்டு.

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சீட்டு மாறவில்லை.

"ரெண்டாவது கேஸுக்கு எடுத்து வெச்ச பெட்டி. உங்களுக்கு நேரம் மிச்சமாகட்டும்னு ரெண்டு பேருக்கும் சேத்து முன்னாடியே அடுக்கி வெச்சேன். என் கைதான் எடுத்தது" என்றார் சிஸ்டர். "ரெண்டாவது மேஜைல அந்தப் பெட்டியைக் காணோம்னு அலமாரிலேருந்து அதே அளவுல வேற ஒண்ணு எடுத்துக் குடுத்திருக்காங்க. ஏன் காணோம்னு யாரும் கேக்கல."

அவர் கைக்கு அந்தத் தளர்ச்சி மறுபடி தெரிந்தது.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு பிசியோ வந்து அவங்களை நடக்க வைப்பாங்க. அதுக்கு முன்னாடி நீங்க ஒரு முடிவு சொல்லணும்" என்று சொல்லிவிட்டுச் சிஸ்டர் கோப்பை மூடி, அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

உதவி டாக்டரைக் கூப்பிட்டார். அந்த மனிதர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தார்.

"பாத்தா தெரியல சார். இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு. நாலு மில்லிமீட்டர்தானே. விட்டுப் பாக்கலாமே. ஏதாவது தொந்தரவு வந்தா அப்ப திறந்துக்கலாம்."

"தொந்தரவு எப்படி வரும்?"

"தேய்மானம் சீக்கிரம் வரும். எப்பவாவது நழுவலாம். ஆனா சார், வயசான அம்மா. ஜாக்கிரதையா நடந்தா..."

ஜாக்கிரதையாக நடப்பவள்தான். அவர் கண்முன் அவள் அந்த அறையில் நின்று காட்டியது வந்தது. முழங்காலால் முட்டுக் கொடுத்து, பாரத்தை வலது இடுப்பில் வாங்கிச் சட்டென்று ஒரு திருப்பு. உருண்டை கிண்ணத்தை விட்டு வெளியே வருவதற்கு அதைவிடத் தோதான அசைவை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு நாளைக்கு நாலு தடவை. நழுவினால் அவளோடு சேர்ந்து அந்த மனிதரும் தரையில் விழுவார். எழுப்ப வீட்டில் மூன்றாவது ஆள் கிடையாது.

"நீங்க போங்க" என்றார்.

தனியாக ஆனதும் நடக்க ஆரம்பித்தார். அறை போதவில்லை, தாழ்வாரத்துக்கு வந்தார். தாழ்வாரமும் போதாமல் மூன்று மாடி இறங்கி ஏறினார். சலவை அறை வழியாகச் சுற்றி, புதுக் கட்டடத்துக்கு ஒதுக்கிய காலி இடத்துக்குப் போனார். சாக்பீஸ் கோடு இன்னும் லேசாகத் தெரிந்தது. பதினான்கு எட்டு. அங்கேயும் நிற்க முடியாமல் திரும்பினார். பெண்கள் வார்டு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். பேப்பர்கடை அம்மா பக்கத்துக் கட்டில்காரியிடம் ஏதோ கதை அளந்துகொண்டிருந்தாள். வந்த வழியே போனார். கால் மணி கழித்து மறுபடி வந்தார். அவள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். குடிக்கட்டும் என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு திரும்பினார்.

முப்பது வருஷத்தில் அவருக்குச் சிக்கல்கள் வராமல் இல்லை. கிருமி சேர்ந்திருக்கிறது, ரத்தம் உறைந்திருக்கிறது. அதெல்லாம் யாருக்கும் வரும் என்று நோயாளியின் கண்ணைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். இது அந்த வகையில் சேராது. இது வைத்த கையின் வேலை. போதாததற்கு அந்த ஒரு நொடி. தெரியாமல் நடந்துவிட்டது என்று ஊருக்குச் சொல்லலாம். தனக்குத் தானே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

பரிசோதனைக்கூடத்துக்குப் போனார். மனைவி நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்காமலே, "செருப்புச் சத்தத்துலயே தெரியுது, ஏதோ ஆயிடுச்சு. சொல்லுங்க" என்றார்.

சொன்னார். மூன்று வாக்கியம் சொல்வதற்குள் அறையை ஐந்து தடவை சுற்றினார்.

"அந்த அம்மாகிட்ட சொல்லியாச்சா?"

"ரெண்டு தடவை போனேன். ஒரு தடவை பேசிக்கிட்டு இருந்தாங்க, ஒரு தடவை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க."

"மூணாவது தடவை தூங்கிட்டு இருப்பாங்க. நாலாவது தடவை பிசியோ வந்துடுவாங்க." அவர் தலையைத் தூக்கிப் புருஷனைப் பார்த்தார். "இங்க சுத்தறதுக்கு அங்க போய் நில்லுங்க. இல்ல, நிக்காதீங்க. நீங்க நின்னுக்கிட்டு சொன்னா ஒருத்தருக்கும் புரியாது. உக்காந்து சொல்லுங்க."

"இது வெளிய வந்தா புதுக் கட்டடம்..."

"வரத்தான் வரும். போங்க, எனக்கு வேலை இருக்கு."

ஐந்தரை மணிக்கு மூன்றாவது தடவையாக வார்டு வாசலில் நின்றார்.

"என்ன டாக்டர், வாட்ச்மேன் வேலையும் உங்களுக்குத்தானா?" பேப்பர்கடை அம்மாவின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "எத்தனை தடவை எட்டிப் பாத்துட்டுப் போவீங்க? உள்ளதான் வாங்களேன்."

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். அவர் உள்ளே போய்ப் படுக்கையைச் சுற்றித் திரையை இழுத்தார்.

"உக்காருங்க. உங்களை அண்ணாந்து பாத்துக் கழுத்து வலிக்குது. இடுப்புக்கு வந்த எடத்துல கழுத்தும் போயிடப் போகுது."

பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டும் மடித்த செய்தித்தாளும் இருந்தன. அவற்றை எடுத்துக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முகத்துக்கு நேரே முகம் இருந்தது. அது அவருக்குப் பழக்கமில்லாத உயரம்.

"உங்க இடுப்புல தப்பான உருண்டையை வெச்சிட்டேன்மா" என்றார்.

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. "தப்பானதுன்னா?"

"கிண்ணம் ஒரு அளவு. உருண்டை அதைவிடச் சின்னது."

"அதாவது, பெரிய செருப்புக்குள்ள சின்னக் கால்."

"ஆமாம்மா."

"நடக்கலாம், ஆனா வழுக்கும்."

"நடக்கவே வேணாங்கறேன். நீங்க அவரைத் தூக்கித் திரும்பினா அது கழண்டு வந்துடும். நாளைக்கே மறுபடி திறந்து சரியான உருண்டையை மாட்டணும். கிண்ணமும் தண்டும் சரியா இருக்கு, அதைத் தொட வேண்டாம். முக்கால் மணி நேர வேலை. ஆனா ரெண்டாவது தடவை திறந்தா கிருமி சேர வாய்ப்பு கொஞ்சம் கூடும். அதையும் சொல்லிடறேன்."

அவள் போர்வையின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவருடைய வலது குதிகால் தரையில் தட்டத் தொடங்கியது. கையால் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அந்த உருண்டையை யார் எடுத்துக் குடுத்தது?"

"வெச்சது நான். பெட்டி மேல இருக்கற அளவைப் படிக்க வேணாம்னு சொல்லிப் பழக்கினதும் நான்."

"வெக்கும்போது தெரியலையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. யாராலும் மறுக்க முடியாது.

"கைக்குத் தெரிஞ்சுது. நின்னு பாக்கல. அடுத்த தியேட்டருக்குப் போயிட்டேன்."

பேப்பர்கடை அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். குரல் இறங்கியிருந்தது, ஆனால் காரம் ஏறியிருந்தது.

"காலைல அஞ்சு மணிக்கு என் கடைல ஒரு பஸ் கூட்டமே கையை நீட்டிக்கிட்டு நிக்கும். அவசரம்னா என்னன்னு எனக்கும் தெரியும் டாக்டர். முப்பத்தெட்டு வருஷத்துல நேத்துப் பேப்பரை இன்னிக்கு ஒருத்தர் கைல குடுத்ததில்ல. குடுக்கறதுக்கு முன்னாடி தேதியை ஒரு பார்வை பாப்பேன். அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு நினைக்கறீங்க?"

அவர் கட்டில் ஓரத்தில் வைத்த செய்தித்தாளின் தேதியைப் பார்த்தார்.

"அவரைத் தூக்கறது?"

"அதே மூணு மாசம்தான். நாளைலேருந்து எண்ணணும்."

"இந்தத் தடவை எழுதிக் குடுங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்து, முழங்கால்மேல் வைத்து எழுதினார். தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார். அவள் வாங்கித் தேதியைப் பார்த்துவிட்டுத் தலையணைக்கடியில் வைத்தாள்.

"வேற டாக்டர் பண்ணணும்னா நானே ஏற்பாடு பண்றேன். தப்பா நினைக்க மாட்டேன்."

"நீங்க தப்பா நினைச்சா எனக்கென்ன?" என்றாள். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நீங்களே பண்ணுங்க. தப்பு எங்க நடந்துச்சுன்னு தெரிஞ்ச ஆள் நீங்கதான். ஆனா எனக்குத் தூக்க மருந்து வேண்டாம். மரத்துப் போற ஊசி மட்டும் போடுங்க. பெட்டியைப் படிக்கறது என் காதுல விழணும்."

"சரிம்மா."

"இன்னொண்ணு. தையல் போட்டு முடிக்கற வரைக்கும் நீங்க அந்த எடத்தை விட்டு நகரக்கூடாது."

"சரி."

"மன்னிக்கறதைப் பத்தியெல்லாம் அப்புறம் பேசலாம். நான் முதல்ல நடந்து பாக்கறேன்."

அன்று சாயங்காலமே நடந்ததை எழுதி ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தார். கண்காணிப்பாளர் இரண்டு தடவை படித்தார். "சத்தத்தைப் பத்தின வரியை எடுத்துடலாமே. பெட்டி மாறிடுச்சுங்கறதே போதுமே" என்றார். இருக்கட்டும் என்று இவர் சொல்லிவிட்டார். கண்காணிப்பாளர் காகிதத்தை மடித்தார். "புதுக் கட்டடக் குழு அடுத்த மாசம் கூடுது. ரெண்டு தியேட்டர், நடுவுல கதவு எல்லாம் இனிமே பேச முடியாது, தெரியுமில்ல?" "தெரியும்" என்றார் இவர். தெரியும் என்று சொன்னாரே தவிர, வீட்டுக்குப் போகும்போது காரில் மூன்று சிக்னலிலும் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, பிசியோ வரவேண்டிய நேரத்தில், பேப்பர்கடை அம்மா மறுபடியும் முதல் மேஜையில் இருந்தாள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வலது இடுப்பை மேலே வைத்து, முகத்துக்கும் வயிற்றுக்கும் நடுவே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். இரண்டாவது தியேட்டரில் அன்று விளக்கே போடவில்லை.

"ஆரம்பிக்கறேன்மா" என்றார்.

"உயிரோடதான் இருக்கேன். ஆரம்பிங்க" என்றது துணிக்கு அந்தப் பக்கம்.

மயக்க டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கருவியைப் பார்த்தார். ஒரு நாள் தையலைப் பிரிப்பது எளிது. மூட்டைத் திறந்து சின்ன உருண்டையைத் தட்டிக் கழற்றி, வட்டிலில் போட்டார். டங்கென்று சத்தம் வந்தது.

"அது என்ன?"

"தப்பானது" என்றார். "வெளிய எடுத்தாச்சு."

"பத்திரமா வையுங்க. நான் பாக்கணும்."

கிண்ணத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை. கழுவச் சொன்னார். இரண்டு தடவை கழுவினார்கள். அவர் கால் தரையைத் தட்ட ஆரம்பித்தது. "இன்னொரு தடவை" என்றார். மூன்றாவது தடவையும் கழுவினார்கள்.

தியேட்டர் சிஸ்டர் பெட்டியோடு வந்து நின்றார். இருபத்தோரு வருஷத்தில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "உள்ளே இருக்கிற கிண்ணம், முப்பத்தாறு. இந்தப் பெட்டியில் உருண்டை, முப்பத்தாறு."

"கிண்ணம் முப்பத்தாறு. உருண்டை முப்பத்தாறு" என்று அவர் திருப்பிச் சொன்னார்.

"பிரிக்கலாமா டாக்டர்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் துணிக்கு அந்தப் பக்கம் குரல் வந்தது. "இருங்க. நான் சரியா கேக்கல. இன்னொரு தடவை படிங்க."

சிஸ்டர் அவரைப் பார்த்தார். அவர் கை நீட்டியது நீட்டியபடி நின்றது. "படிங்க சிஸ்டர்."

சிஸ்டர் படித்தார். அவர் திருப்பிச் சொன்னார்.

"இப்ப சரி" என்றாள் பேப்பர்கடை அம்மா. "பிரிங்க."

உருண்டையைப் பொருத்திக் காலை இழுத்து இறக்கினார். கனமான கதவு சாத்தி, தாழும் விழுந்தது. காலை மடக்கினார், திருப்பினார், அவள் புருஷனைத் தூக்கித் திரும்புவாளே அந்த அசைவுவரை கொண்டுபோய்ப் பார்த்தார். மூட்டு அசையாமல் நின்றது. அப்படியும் இன்னொரு தடவை பார்த்தார்.

உதவி டாக்டர் ஊசியை வாங்கிக்கொண்டு குனிந்தார். கீழ் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக வர வேண்டும், அவசரப்பட முடியாத வேலை. இந்த நேரத்தில் பம்பரம் எப்போதும் இரண்டாவது தியேட்டரில் இருப்பார். கையைக் கட்டிக்கொண்டார், அவிழ்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நொடிமுள் அவ்வளவு மெதுவாகப் போகும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. சிஸ்டர் ஒரு முக்காலியை அவர் பக்கம் காலால் நகர்த்திவிட்டார். அவர் அதைப் பார்த்துவிட்டு நின்றபடியே இருந்தார்.

"டாக்டர், இருக்கீங்களா?"

"இருக்கேன்மா."

"இன்னும் எத்தனை தையல்?"

அவர் குனிந்து எண்ணினார். "பதினொண்ணு."

"சத்தமே காணோமேன்னு கேட்டேன். நில்லுங்க."

அவர் நின்றார். வலது குதிகால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. பதினொன்றில் ஒன்று முடிந்தது; உதவி டாக்டர் அடுத்த தையலுக்கு நூலை இழுத்தார்.